விளிம்பில் எழுதியது

“அம்மா, நாளை ஊருக்குப் புறப்படுகிறேன். இந்தப் படிப்பு போதும்” என்று தன் ஆசிரியையிடம் சொன்னார் பொன்னுரங்கம்.

அயல்நாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் களிமண் பலகை அறை அது. அகழ்ந்தெடுத்த பலகைகளில் நாணல் குச்சியால் குத்தி எழுதிய ஆப்பெழுத்தைப் படிக்க, நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்தவர் அவர். வயது ஐம்பத்திரண்டு. ஆசிரியை பிலோமினாவுக்கு நாற்பத்தொன்று.

“காரணம்?”

“பேச ஆளில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்தவர்கள்தான் எனக்கு உறவு. அவர்களிலும் ஒருத்தி என்னைப் போலவே புலம்புகிறாள்.”

“யார் அவள்?”

“ஒரு வணிகனின் மனைவி. தொலைவில் இருக்கும் அண்ணனுக்கு எழுதுகிறாள். ‘இரண்டு அறுவடை கடந்துவிட்டது. என் வாசலில் யாரும் நிற்பதில்லை. என்னை விசாரிப்பார் ஒருவருமில்லை.’ அதோடு முடிகிறது. அவளுக்கே விடிவில்லை, எனக்கு எங்கே?”

“முடிகிறது என்று எப்படித் தெரியும்?”

“முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் எனக்கு மனப்பாடம். ஒரு குறி விடவில்லை.”

“படமா? பலகையைக் கையில் எடுத்ததே இல்லையா?”

“உதிர்ந்துவிட்டால்?”

ஆசிரியை சிரித்தார். “வெள்ளத்துக்கும் தீக்கும் உதிராதது, ஐயா. உங்களுக்குப் பயந்தா உதிரப்போகிறது?”

இழுப்பறையைத் திறந்து, பலகையை எடுத்துப் பொன்னுரங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சோப்புக்கட்டி அளவுதான்.

ஆசிரியை விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் விழச் செய்தார்.

“திருப்புங்கள்.”

“பின்பக்கம். தெரிந்ததுதான்.”

“எழுத இடம் தீர்ந்தால் அவள் எங்கே போவாள்?”

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பலகையைச் செங்குத்தாக நிறுத்தினார்.

விரல் தடிமனே உள்ள இடது விளிம்பில், நெருக்கியடித்துக்கொண்டு இரண்டு வரிகள்.

எழுத்துக் கூட்டிப் படிக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஆசிரியை உதவவில்லை.

“‘இதைக் கொண்டு வருபவர்... மூன்று நாள் நடந்தவர். பதில் எழுதுவது இருக்கட்டும். முதலில் அவருக்குச் சாப்பாடு போடு.’”

வேறொன்றும் இல்லை.

பலகையை அதன் மெத்தையில் கிடத்தினார் பொன்னுரங்கம். பிறகு, நான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டிராததைக் கேட்டார்.

“அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?”

“இல்லை” என்றார் ஆசிரியை. “தனியாகச் சாப்பிட மனம் வருவதில்லை.”