மூச்சைக் காவல் காத்த தவளை

கோடை வந்தால் அந்தக் கண்மாய்த் தவளைகளுக்கு ஒரே வேலைதான். தண்ணீர் வற்றுவதற்குள் ஈரச் சேற்றில் ஆழமாகப் புதைந்துகொள்ள வேண்டும். மழை வரும்வரை அங்கேயே தூக்கம்.

எல்லாத் தவளைகளும் புதைந்துவிட்டால் இரைக்கு எங்கே போவது என்று கொக்குக்குக் கவலை. மதகுக் கல் இடுக்கில் வேம்பன் என்ற தவளை உட்கார்ந்திருந்தது. அலகு எட்டாத இடம். அதனால் கொக்கு கரையில் நின்றபடியே பேச்சுக் கொடுத்தது.

“தம்பி, நீ தூங்கும்போது உன் மூச்சை யார் விடுகிறார்கள்?”

வேம்பன் அதை யோசித்ததே இல்லை. தானாக நடக்கிறது என்றது.

“தானாகவா? போன கோடையில் புதைந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்தார்களா?”

வேம்பனின் அம்மா எழுந்து வரவில்லை.

அன்றிலிருந்து வேம்பன் தன் தொண்டையைக் காவல் காத்தது. இழு, விடு. இழு, விடு. கவனிக்கக் கவனிக்க மூச்சு தடுமாறியது. தடுமாறத் தடுமாறப் பயம் கூடியது. மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தபோதும் நாக்கை நீட்டவில்லை.

சேறு இறுகத் தொடங்கியது. அக்கா தாழை பாதிக் குழி தோண்டிவிட்டுத் தம்பியைக் கூப்பிட வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“முட்டைக்குள் இருந்தபோதே உன் இதயம் துடித்ததடா. அதற்கு நீயா தாளம் போட்டாய்? அப்போது உனக்குப் புத்தியே கிடையாது. இப்போதும் பெரிதாக ஒன்றும் இல்லை.”

“அம்மாவும் இப்படித்தான் நம்பினாள், அக்கா.”

தாழையின் சிரிப்பு நின்றது. அம்மா புதைந்த இடத்தில் ஈரம் போதவில்லை என்று அது எடுத்துச் சொன்னது. வேம்பன் கேட்கவில்லை. மூன்று நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் தாழை தனியாகச் சேற்றுக்குள் இறங்கியது.

கல் இடுக்கும் காய்ந்தது. தோல் எரிய, வேம்பன் ஈரம் தேடி வெளியே வந்தது. இழு, விடு. முதுகில் ஒரு நிழல் விழுந்தது.

அதன் பின்னங்கால்கள் தாமாகவே சுருங்கித் தாவத் தயாராயின. ஆனால் தான் சொல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று வேம்பன் பழகியிருந்தது.

“பொறு,” என்றது கால்களிடம். “நான் இன்னும் சொல்லவில்லை.”

கால்கள் பொறுத்தன. அலகு பொறுக்கவில்லை.

வயிறு நிறைந்த கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி கண்ணயர்ந்தது. தன் மூச்சை யார் விடுகிறார்கள் என்று அது ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஐப்பசியில் மழை பெய்தது. தாழை சேற்றைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. எத்தனை மாதம் தூங்கினோம் என்பதுகூட அதற்குத் தெரியவில்லை. நேரே மதகுக் கல்லுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டது. கண்மாய் முழுக்கத் தவளைகள் கத்தின. இடுக்கிலிருந்து மட்டும் பதில் வரவில்லை.

நம்மைக் கேட்காமலே நம்மைக் காக்கும் வேலைகளை உடலிடமே விட்டுவிட்டு, நாம் கண் வைக்க வேண்டிய ஆபத்தின் மீது கண் வைக்க வேண்டும்.