தட்டுப்படாத கறை

உப்பங்கழியின் நடுவிலிருந்த மணல்திட்டில் ராக்கு சாமி மடம் வைத்திருந்தார். கரைக்குப் போய்வர ஒரே ஒரு பைபர் படகு. சாமிக்கு நாற்பது வயது. முன்பு படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் குருதான் சீடரை 'சார்' என்று கூப்பிடுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை தணிகாசலத்துக்கு மகன் அறிவழகனிடமிருந்து போன் வந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வருவதாகவும் ஒரு மணி நேரம் இருப்பதாகவும் சொன்னான். சரிப்படவில்லை என்றால் இனிமேல் வரமாட்டானாம்.

எட்டு வருஷத்துக்கு முன் அவன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, தெருவே பார்க்க, "நீ என் பிள்ளையே இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர் தணிகாசலம்.

அவர் நேராகச் சாமியிடம் போனார்.

"ஞாயித்துக்கிழமை பையன் வர்றான் சாமி. ஒரு மணி நேரம்தான் இருப்பானாம். பார்த்ததும் முதல்ல என்ன சொல்லட்டும்?"

சாமி படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தளத்தில் ஒட்டியிருந்த ஃபோம் விரிப்பு வெயிலில் வெந்து, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது.

"இதுல கால் வெச்சா இடறி விடும் சார். ஞாயித்துக்குள்ள புதுசு ஒட்டணும். பழசைப் பிரிச்சுத் தர்றீங்களா?"

படகைக் கரையேற்றினார்கள். விரிப்பு கையோடு வந்தது. பசை வரவில்லை. கறுத்த வெல்லப்பாகு போலத் தளம் முழுக்க அப்பியிருந்தது. தணிகாசலம் சாக்பீஸ் கொண்டுவந்து தளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். மொத்தம் நாற்பத்தெட்டு. சுரண்டியால் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார். பத்து மணிக்கு மூன்றாவதில் இருந்தார்.

"மத்தியானம் வாங்க சார்," என்றார் சாமி. "வெயில் ஏறினா அதுவே இளகும்."

மத்தியானம் தின்னரில் நனைத்த துணியைப் பரப்பி, ஊற விட்டு, வழித்தார்கள். பசை சுருள் சுருளாக வந்தது. தணிகாசலத்தின் முகம் திடீரென்று மலர்ந்தது.

"புரிஞ்சுபோச்சு சாமி. விரிப்புங்கறது அகங்காரம். அது சுலபமாப் போயிடும். பசைதான் பற்று."

"அப்படியா? கைக்கு உறை போட்டுக்குங்க. தின்னர் தோலை உரிச்சிடும்."

வெள்ளிக்கிழமை மாலை நாற்பத்தெட்டுக் கட்டமும் முடிந்தன. இடது ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்தில் இரண்டு கறைகள் இருந்தன. தணிகாசலத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் உளியை எடுத்துக்கொண்டு தனியே போனார்.

சாமி வந்து பார்த்தபோது ஒரு கறை இருந்த இடத்தில் குழி விழுந்து, வெள்ளை நாராக பைபர் வெளியே தெரிந்தது.

"என்ன சார் இது?"

"போகவே மாட்டேன்னுது சாமி. நானும் விடல."

சாமி பக்கத்தில் உட்கார்ந்தார். தணிகாசலத்தின் கையுறையைக் கழற்றி, அந்தக் கையை இன்னொரு கறையின் மேல் வைத்துத் தேய்த்தார்.

"ஏதாவது தட்டுப்படுதா?"

"இல்ல. வழவழன்னு இருக்கு."

"கண்ணுக்கு?"

"நல்லாத் தெரியுதே."

"பசை நேத்தே போயிடுச்சு சார். இது அது இருந்த நிறம். இன்னிக்கு நீங்க சுரண்டினது படகை."

தணிகாசலம் உளியைக் கீழே வைத்தார். சாமி ரெசினைக் கலக்கி, பைபர் துணி வைத்துக் குழியை மூடினார்.

"இது இறுக ஒரு நாள் ஆகும். மத்த இடத்துல இன்னிக்கு விரிப்பை ஒட்டிடலாம். இங்கே மட்டும் நாளைக்குக் காலையில."

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து நான்கைந்து தாள்களை எடுத்தார்.

"நான் அவனுக்குச் செஞ்ச தப்பெல்லாம் எழுதி வெச்சிருக்கேன் சாமி. அவன் அஞ்சாம் வகுப்புலேர்ந்து. முப்பத்தோரு தப்பு. அவன் முன்னாடி நின்னு, ஒண்ணு விடாம வாசிச்சிடலாம்னு."

"முப்பத்தொண்ணும் உங்க தப்புதானா?"

"ஆமா." கொஞ்சம் யோசித்தார். "பதினாலாவதுல மட்டும் அவன் பேசினதையும் சேர்த்திருக்கேன். சந்தர்ப்பம் புரியணும் இல்லையா?"

"மத்ததுல?"

"பத்தொன்பதுலயும் கொஞ்சம்."

சாமி சிரித்துவிட்டார். "வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம். ஒத்திகை பார்த்துட்டேன்."

"உங்க பையன் இருக்கப்போறதே ஒரு மணி நேரம்."

தணிகாசலம் தாள்களை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"வாசிக்காம விட்டா, பழசை அப்படியே வெச்சுட்டு மேலே புதுசை ஒட்டின மாதிரி ஆகாதா?"

"மேடு இருந்தா புது விரிப்பு நிக்காது. நிறம் இருந்தா நிக்கும்."

"எது மேடு, எது நிறம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இங்கே உட்கார்ந்து எழுதினா தெரியாது சார்," என்று சொல்லிவிட்டுச் சாமி புது விரிப்பை அளக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இடது ஓரத்துக்கும் பசை தடவி விரிப்பை அழுத்தினார்கள். பாரத்துக்குக் கல் வைக்கவும் நேரம் இருக்கவில்லை. படகைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

அக்கரைத் துறையில் அறிவழகன் நின்றிருந்தான். முன்நெற்றியில் வழுக்கை ஏறியிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையை இழுத்துத் தலைக்கு வெயில் மறைத்திருந்தாள். அவளைத் தணிகாசலம் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவை, கதவைச் சாத்துவதற்குள், பார்த்திருக்கிறார்.

சாமி மோட்டாரை நிறுத்தினார். படகு தானாக நகர்ந்தது. தணிகாசலம் திரும்பாமலே கேட்டார்.

"சாமி, கிட்ட வந்துட்டோம். முதல்ல என்னதான் சொல்லட்டும்?"

சாமி மூங்கில் கோலை ஊன்றிப் படகைத் துறையோடு அணைத்தார்.

"இடது பக்கம் இன்னும் காயல சார். 'ரெண்டு பேரும் பார்த்து ஏறுங்க'ன்னு சொல்லுங்க. மொதல்ல அந்தப் பொண்ணுக்குக் கையைக் கொடுங்க."