கோமதியம்மாளின் இரண்டு பதில்கள்

இந்தக் கதையைக் கேட்பவர்கள் நடுவிலேயே யார் பக்கமும் சாய்ந்துவிட வேண்டாம். தீர்ப்புச் சொல்லும் வேலை முடிவில் உங்களுக்கு உண்டு.

பாளையங்கோட்டையில் செண்பகவல்லி என்றொரு பெண் இருந்தாள். வீடுகளுக்குத் தோட்டம் வடிவமைத்துத் தருவது அவள் தொழில். அதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வரைபடம் போடுவதற்கு முன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பாள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுப்பாள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால், குரல் உரத்தவரின் தோட்டம்தான் அமைகிறது. இதைப் பல வீடுகளில் பார்த்துச் சலித்த பிறகு வந்த வழக்கம் அது. கொடுத்த வாக்கை அவள் ஒருமுறையும் மீறியதில்லை.

ஒரு வைகாசி மாதத்தில், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த ஆவுடையப்பன் அவளை வரவழைத்தார். வீட்டின் பின்புறம் நல்ல செம்மண் நிலம் வெறுமையாகக் கிடந்தது. அவர் அவளை வாசல் கேட் வரை அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இது எனக்கில்ல. எங்க வீட்டம்மாவுக்கு. அவளுக்குச் செடின்னா உசுரு. எங்கம்மா வச்ச செடிக்கெல்லாம் ஒரு நாள் தவறாம அவதான் தண்ணி ஊத்துனா. அம்மா போனதும் துக்கத்துல எல்லாத்தையும் விட்டுட்டா. இப்பவாவது அவளுக்குன்னு நான் ஒண்ணு செய்யணும். அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, வேண்டாம்னுருவா."

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் வெட்கம் அவர் முகத்தில் இருந்தது. சொல்வதில்லை என்று செண்பகவல்லி வாக்களித்தாள்.

அவர் மனைவி கோமதியம்மாள் அடுப்படியில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் நிமிராமலே பதில் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"ஒரு பூச்செடியாவது, அக்கா?"

"நீ நட்டுட்டு வண்டி ஏறிப் போயிருவ. அப்புறம்?" கோமதியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினார். "கல்யாணமாகி வந்த மறுநாளே எங்க மாமியார் ஓஸ் பைப்பை என் கையில குடுத்தாக. இங்க விடியக்காலம் மட்டுந்தான் தண்ணி வரும். அவுக செடி ஒண்ணு வாடுனா, மருமகளுக்குக் கைராசியில்லன்னு தெருவுக்கே கேக்கும். காய்ச்சலோட ஊத்தியிருக்கேன். பிள்ளை உண்டாகிக் குனிய முடியாம ஊத்தியிருக்கேன். அவுக போயி, காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு அந்தப் பைப்பைச் சுருட்டிப் பரண்ல போட்டேன். இந்த வீட்டுக்கு வந்து அன்னைக்குத்தான் காலையில உக்காந்து காப்பி குடிச்சேன்."

"சார்கிட்டச் சொல்லலாமே, அக்கா?"

"என்னன்னு? உங்கம்மா செடிய வேணும்னேதான் காய விட்டேன்னா? நான் துக்கத்துல இருக்கேன்னு நினைச்சு, அந்த மனுஷன் அப்ப எனக்குத் தலைதுவட்டி விடாத குறை. நீயே ஏதாவது சொல்லி நிறுத்திரு. நான் சொன்னதா மட்டும் மூச்சு விடாத."

செண்பகவல்லி அதற்கும் வாக்களித்தாள்.

வீட்டுக்குத் திரும்பியவளுக்கு வரைபலகையைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. மண் சரியில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் மண்ணைப் பற்றி அவள் பொய் சொன்னதில்லை. வேலையை விட்டு விலகலாம். யாரையும் எதுவும் கேட்காத வேறொருவர் வந்து வீடு கொள்ளாமல் செடி நட்டுவிட்டுப் போவார். கடைசியில், ஒரு நந்தியாவட்டை, ஒரு சிறு மல்லிகைப் பந்தல், உட்கார ஒரு கல்பலகை என்று இயன்றவரை குறைத்து வரைந்து எடுத்துச் சென்றாள். காகிதத்தில் பார்த்ததும் கோமதியம்மாள் தாமே மறுத்துவிடுவார் என்பது அவள் எண்ணம்.

ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தின்மேல் கவிழ்ந்தார். "பந்தலப் பெருசாக்குங்க. இந்த ஓரம் முழுக்க ரோசா வரட்டும். அங்க கனகாம்பரம்." அவர் சொல்லச் சொல்லச் செடிகள் பெருகின. பிறகு தம் இரகசியத்தைத் தாமே காக்க முடியாமல், பக்கத்தில் நின்ற மனைவியிடம் உடைத்தும்விட்டார்.

"ஏட்டி கோமதி, இது அத்தனையும் உனக்குத்தான். பிடிச்சிருக்கா?"

கோமதியம்மாள் காகிதத்தைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"பிடிச்சிருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"பாத்தீங்களா மேடம், நான் சொல்லல? நாளைக்கே குழி தோண்ட ஆளை வரச் சொல்லுங்க!"

கோமதியம்மாள் செண்பகவல்லியின் பக்கம் திரும்பாமலே காப்பி போட உள்ளே போனார்.

தனியே சொன்ன 'வேண்டாம்' ஒன்று. கணவர் முன் சொன்ன 'பிடிச்சிருக்கு' மற்றொன்று. முதலாவதை வெளியிட்டால் செண்பகவல்லியின் வாக்குப் போகும். இரண்டாவதை ஏற்று மண்ணைக் கொத்தினால் அந்த அம்மாளின் காலைப்பொழுது போகும். இவ்விரண்டு பதில்களில் செண்பகவல்லி எதற்குக் கட்டுப்பட்டவள்? வாக்குத் தவறாமல் அவள் செய்யத்தக்கது என்ன?

விடை: அவள் முதல் பதிலுக்கே கட்டுப்பட்டவள். 'பிடிச்சிருக்கு' என்பது கணவர் கேட்டு, கணவருக்குச் சொன்ன பதில். 'வேண்டாம்' என்பது செண்பகவல்லி தானே கேட்டு வாங்கியது. கேட்டு வாங்கியதைக் காதில் விழாததுபோல் தள்ளிவிட அவளுக்கு உரிமையில்லை. அதைக் காப்பதற்கு இரகசியத்தை உடைக்கவும் தேவையில்லை. தோட்டம் போடுகிறவர் எவரும் கேட்க வேண்டிய சாதாரணமான ஒரு கேள்வியை, இருவரின் இரகசியத்தையும் சுமந்த களைப்பில் அவள் கேட்காமலே இருந்துவிட்டாள். இப்போது கேட்டாள். "சார், இதுக்குத் தினமும் யார் தண்ணி ஊத்துவாங்க?" ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. காப்பித் தம்ளர்களோடு கோமதியம்மாள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "நான் ஊத்துனா எத்தனை செடி தாங்கும், மேடம்?"