சின்ன எழுத்தில் இருந்தவர்கள்

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர். அவருக்கு அவரைவிட வயதில் ரொம்ப மூத்த மாணவர் ஒருவர் இருந்தார், சுடலைமுத்து அண்ணாச்சி. டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார், அவர் இவரை டீச்சர் என்பார். எங்கள் ரத்ததானச் சங்கத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது, நான் உட்பட.

சங்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் பழைய கம்ப்யூட்டரின் இரைச்சல் இன்னும் எனக்குக் காதில் கேட்கிறது. நல்ல காலம் அது.

அண்ணாச்சி மின்வாரியத்தில் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். கரன்ட் பில் கார்டில் இருக்கிற பேரை இனிஷியலோடு கூப்பிட்டே பழகியவர். ஓய்வுக்குப் பிறகு டீச்சரிடம் புரோகிராம் எழுதக் கற்றார். வெறியோடு கற்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரத்தம் கொடுப்பவர்களின் விவரமெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. தேடி எடுக்கும் பழைய புரோகிராமை டீச்சரே எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக அண்ணாச்சி புதிதாக ஒன்று செய்தார். இதில் டேட்டாபேஸிடம் நாம் நேராகப் பேச வேண்டாம், இடையில் ஒரு கருவி நின்று நமக்காகப் பேசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழையதை நிறுத்திப் புதியதை ஓடவிட்டு, எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் உடனே வேண்டும். அண்ணாச்சி தேடினார். யாரும் இல்லை என்று வந்தது. வேறு வகையைத் தேடிப் பார்த்தார், அதிலும் யாரும் இல்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டனே" என்றார். கோயில் கொடை விழா, சர்ச் திருவிழா, காலேஜ் விழா என்று நாங்கள் அலைந்து அலைந்து சேர்த்த பெயர்கள் அவை.

டீச்சருக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கருவியை ஒதுக்கிவிட்டு, டேட்டாபேஸிடம் நேராகவே கேட்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினார். பெயர்கள் பொலபொலவென்று கொட்டின.

"யாரும் எங்கயும் போகல, அண்ணாச்சி. முதல்ல போனைப் போடுங்க."

ஓ நெகட்டிவில் பக்கத்தில் இருந்தவர் ஒருவர்தான், எஸ். மிக்கேல் தேவசகாயம். தான் வேலை பார்க்கும் பரோட்டாக் கடையின் போன் எண்ணைத்தான் அவர் கொடுத்திருந்தார். அண்ணாச்சி போன் போட்டு, எஸ். மிக்கேல் தேவசகாயம் இருக்கிறாரா என்று கேட்டார். அப்படி ஒரு ஆளும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டு, அதே பேரை இன்னும் அழுத்தமாகச் சொன்னார். அதே பதில்தான் வந்தது. ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார் என்று அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

டீச்சர் போனை வாங்கினார்.

"பரோட்டா போடுற மிக்கேலண்ணன் இருக்காவளா?"

"இருக்காவ. இந்தா நிக்காவ."

மிக்கேல் மாவுக் கையோடு ஆட்டோ ஏறினார். பொழுது சாய்வதற்குள், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். எங்களுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சே வந்தது.

"இத்தனை பேரையும் உள்ள வச்சுக்கிட்டு எப்படி டீச்சர் இல்லன்னு சொல்லுச்சு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

டீச்சர் விளக்கினார். ரத்தம் கொடுப்பவர்களின் விவரம் இருந்தது டோனர் என்ற அட்டவணையில். பழைய புரோகிராமில் அதன் பெயரை அவர் ஆங்கிலத்தில் மனம் போனபடி எழுதியிருந்தார், ஓரிடத்தில் பெரிய எழுத்து, இன்னோரிடத்தில் சின்ன எழுத்து. டேட்டாபேஸ் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடும். கருவியோ முதல் எழுத்தைப் பெரிதாக்கி, பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்துக் கேட்டது. அப்படிக் கேட்டால் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி இருந்தாக வேண்டும். கேட்கிற அட்டவணை இல்லாவிட்டால் புதிதாக உண்டாக்கிக்கொள் என்று அண்ணாச்சி கருவியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். அது பழைய அட்டவணைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் காலியாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. அண்ணாச்சி தேடியதெல்லாம் அதற்குள்தான். வீட்டில் அவர் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக ஓடியதற்கும் காரணம் இருந்தது, அங்கே அட்டவணையை உண்டாக்கியதே கருவிதான்.

"அப்போ டேட்டாபேஸ் பொய் சொல்லிருக்கு."

"கடைக்காரர் பொய் சொன்னாரா, அண்ணாச்சி?"

சரி, பழைய அட்டவணையின் பேரையே கருவி கேட்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்றார் அண்ணாச்சி. எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராமும் ஆஸ்பத்திரிக்கு விவரம் தரும் புரோகிராமும் பழைய பேரைத்தானே கேட்கும் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார்.

"அதையும் மாத்திருதேன் டீச்சர். ஒரே ஒழுங்கா இருக்கும்லா."

டேட்டாபேஸில் அந்த அட்டவணைக்கு இன்ன பேர் என்று கருவிக்கு ஒரு வரி எழுதிவைத்தால் போதும், வேலை முடிந்தது. அண்ணாச்சிக்கும் அது தெரியும். தன் புரோகிராமில் ஒரு பேர், அங்கே ஒரு பேர் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போது மிக்கேல் படியேறி வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. சட்டையில் இன்னும் மாவு இருந்தது.

"அந்தா மிக்கேலண்ணன் வாராவ" என்றார் டீச்சர். "நாளையிலேருந்து கடையில எல்லாரும் முழுப்பேரு சொல்லித்தான் கூப்பிடணும்னு அவுககிட்டயே சொல்லிருங்க, அண்ணாச்சி."

அண்ணாச்சி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க, மிக்கேலு" என்றார்.