உயிருள்ள முகம்

பேராசிரியர் தணிகாசலம் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்தார் மானியத்துறை இயக்குநர் நாகலிங்கம். க்ர்ரும் என்று ஒரு கனைப்பு, அப்புறம்தான் பேச்சு.

ஆய்வு மாணவி எஸ்தர் லேப்டாப்போடு வந்து நின்றாள். "சார், தேள்கடி மருந்து ஆய்வுக்கு விண்ணப்பிக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். எங்க சார் இடத்துல வேற பேராசிரியர் பேரைப் போடணும். உங்க துறை போர்ட்டல் விட மாட்டேங்குது."

"உங்க சாரே போர்ட்டலுக்குள்ள வந்து சம்மதிக்கணும்மா. கேமராவுல அசையுற, உயிருள்ள முகத்தைத்தான் அது ஏத்துக்கும். என் ஏற்பாடு! எமனே வந்தாலும் ஏமாத்த முடியாது."

"சரிங்க சார், அவரையே கேட்டுடலாம்."

எஸ்தர் லேப்டாப்பை மாலை போட்ட படத்தின் பக்கம் திருப்பினாள். படத்தின் கண்ணாடியில் விளக்குச் சுடர் படபடத்தது.

டிங்! "வணக்கம் தணிகாசலம். நீங்கள் உயிருடன் இருப்பது உறுதியானது" என்று தேன் குரலில் சொன்னது போர்ட்டல்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநருக்கு வேர்த்துக் கொட்டியது. "வெளிய சொல்லிடாதம்மா, நானே மாத்தித் தர்றேன்" என்று அங்கேயே போன் போட்டு, பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எஸ்தர் லேப்டாப்பை மூடப் போனாள். பேராசிரியரின் மனைவி கோமளா அவள் கையைப் பிடித்தார்.

"அவர் உயிரோட இருக்கார்னு சொல்லுச்சே... இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்மா."