ஆமை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது

ஏரி வற்றிக்கொண்டு வந்தது. கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்த கூழைக்கடாப் பறவைகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஏரிக்குப் போய்விட்டன. மிச்சம் ஒன்றே ஒன்றுதான். எல்லாருக்கும் கடைசியாக முட்டையை விட்டு வந்த கடைக்குட்டி. கூட்டம் கிளம்பியபோது அதற்குச் சிறகு முற்றவில்லை.

அம்மா கொஞ்ச நாள் கூட இருந்தாள். மீன் அருகியதும், "தண்ணி வத்தறதுக்குள்ள பறந்து வந்துடுடா. அங்க காத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவளும் போனாள். மிச்சமிருந்த மீன் ஒருவருக்குத்தான் காணும்; போகாவிட்டால் இரண்டு பேருக்கும் பட்டினிதான்.

கூழைக்கடாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புமுன் பக்கத்துக் கூட்டில் இருப்பவரிடம் போகிற இடத்தைச் சொல்ல வேண்டும். அவர் "பார்த்துட்டிருக்கேன்" என்ற பிறகே சிறகை விரிக்க வேண்டும். திரும்பியதும் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை அவர் வானத்தைப் பார்த்தபடியே இருப்பார்.

கடைக்குட்டியின் பக்கத்துக் கூடு காலி. அதற்குப் பக்கத்திலும் காலி.

"யாருகிட்ட சொல்றது? மரத்துகிட்டயா?" என்று அலுத்துக்கொண்டு ஒருநாள் சொல்லாமலே குதித்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. முதுகுப் பக்கமிருந்து அடித்த காற்று அதைத் தூக்கவே இல்லை. நடு ஏரிச் சேற்றில் தொப்பென்று விழுந்தது.

சிறகெல்லாம் சேறு. கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. நான் விழுந்தது ஒருத்தருக்கும் தெரியாதே என்று நினைத்தபோதுதான் அதற்கு அழுகை முட்டியது.

கரைக்கு ஒரு நரி வந்து நின்றது.

"ஐயோ பாவம், தனியாவா இருக்கே? தேடிக்கிட்டு யாராவது வருவாங்களா?"

கடைக்குட்டி காலியான கூடுகளைத் திரும்பிப் பார்த்தது.

"அப்போ எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. சேறு இறுகட்டும், நடந்தே வரேன்" என்று நரி உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரத்தில் சேற்றைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆமை ஊர்ந்து வந்தது. "என் ஓட்டைக் கவ்விக்கோ தம்பி" என்றது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. எதிர்க்கரை மேட்டில் இருந்த மரத்தடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைக்குட்டி கிளையில் தொற்றி ஏறிக்கொண்டது. காத்திருந்த நரி கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போனது.

"நான் விழுந்தது உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தினமும் உன்னைத்தான் பார்த்துட்டிருக்கேன். இந்த ஏரியில பார்க்கறதுக்கு வேற யாரு இருக்கா?"

"அப்போ ஏன் ஒருநாள்கூடப் பேசல?"

"நீ மட்டும் பேசினியா?"

அன்றிலிருந்து கடைக்குட்டி ஆமையிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்பியது. ஆமைக்குப் பறப்பதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கேட்கும். "எங்க போற? காத்து எந்தப் பக்கம்? மலை மறைஞ்சா என்ன பண்ணுவ?" பதில் சொல்வதற்காகவே கடைக்குட்டி ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்தது. கூட்டத்தில் எல்லாரும் காற்றுக்கு முகம் காட்டித்தானே எழும்பினார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒருநாள் மலை வரைக்கும் போய்விட்டது. அந்தப் பக்கம் அம்மா இருக்கிறாள். ஆனால் திடீரென்று கருமேகம் இறங்கி மலையை மூடிக்கொண்டது. இன்னும் கொஞ்ச தூரம்தானே, நுழைந்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. 'மலை மறைஞ்சா திரும்பிடுவேன்' என்று காலையில் ஆமையிடம் சொல்லியிருந்தது. அழுதுகொண்டே திரும்பியது.

"வந்துட்டேன்க்கா."

"சரி" என்றது ஆமை.

அடுத்த நாள் வானம் தெளிவாக இருந்தது. "மலைக்கு அந்தப் பக்கம் போறேன்க்கா. நீயும் சேறு காயறதுக்குள்ள மண்ணுக்குள்ள போய்ப் படுத்துடு. இல்லேன்னா இந்த வெயில் உன்னைக் கொன்னுடும்."

"பார்த்துட்டிருக்கேன்" என்றது ஆமை.

கடைக்குட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அம்மா சிறகால் அணைத்துக்கொண்டாள். வயிறு நிறைய மீன், சுற்றிலும் சொந்தம். ஆனாலும் கூட்டத்துக்கு நடுவில் நாலைந்து இரவாக அதற்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஓர் இரவு பக்கத்துக் கூட்டில் யாரோ "வந்துட்டேன்" என்று சொன்னது காதில் விழுந்ததும், ஆமையிடம் இன்னும் சொல்லவில்லையே என்று நினைவுக்கு வந்தது.

விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு மலையைத் தாண்டிப் பறந்தது.

பழைய ஏரியில் ஒரே ஒரு குட்டைதான் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில், வெயிலில், கழுத்தை மலைப் பக்கம் நீட்டியபடி ஆமை நின்றுகொண்டிருந்தது. ஓடு கொதித்தது. கண் பாதி மூடியிருந்தது.

"அக்கா, போய்ச் சேர்ந்துட்டேன்!"

"அப்பாடா" என்றது ஆமை. "இனி நான் போய்ப் படுக்கறேன்." ஆனால் மண் இறுகிப்போயிருந்தது. நகம்கூட இறங்கவில்லை.

கடைக்குட்டி குட்டைக்கும் ஆமைக்குமாகப் பறந்தது. அலகுப் பையில் தண்ணீரை மொண்டு வந்து கொட்டிக்கொண்டே இருந்தது. மண் இளகியது. ஆமை மெல்ல உள்ளே இறங்கியது.

"மழை வந்ததும் நான் வரேன்க்கா."

மண்ணுக்கு அடியிலிருந்து, "பார்த்துட்டிருக்கேன்" என்று குரல் கேட்டது.

சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்கள் போய்ச் சேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். அதுவரை ஓர் உயிர் தனியாக நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.