சொல்லாமல் வர வேண்டிய ஆய்வாளர்

முத்துத்திட்டு என்ற குட்டித் தீவு நாட்டில் மின்சாரமும் கிடையாது, மந்திரிகளுக்கு மூளையும் கொஞ்சம் மட்டு. ஐஸ் இல்லாமல் சவேரியம்மாவின் மீனெல்லாம் கூடையிலேயே நாறியது. “இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா என் புள்ளைங்க பட்டினிதான்” என்று சபையில் வந்து அழுதாள். பாவம், பொய்யில்லை.

உடனே பக்கத்து நாட்டோடு அணுசக்தி ஒப்பந்தம் போட்டார்கள். உலை எழும்பியது, எரிபொருள் பெட்டியும் முத்திரையோடு வந்து இறங்கியது. ஒப்பந்தப்படி முத்திரையை அந்த நாட்டு ஆய்வாளர் முன்னால்தான் உடைக்க வேண்டும். அவர் முன்கூட்டிச் சொல்லாமல்தான் வர வேண்டும். மின்சாரமோ அதில் விளைந்த எதுவுமோ மூன்றாவது நாட்டுக்குப் போகக் கூடாது. குண்டு செய்யக் கூடாது என்றும் இருந்தது. அதில் சிக்கலில்லை, அவர்களுக்கு இட்லியே ஒழுங்காக வராது.

ஆய்வாளர் திருமேனிநாதன் மரியாதைக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுப் படகில் வந்தார். சட்ட மந்திரி பூவராகன் கரையிலேயே மறித்தார்.

“சொல்லாமத்தானே வரணும்? கடுதாசி போட்டுட்டீங்களே!”

“சரிங்க, போயிட்டு வர்றேன்.”

“பாத்தீங்களா, வர்றேன்னு மறுபடியும் சொல்லிட்டீங்க!”

நல்ல வளர்ப்பு. கிளம்பும்போதெல்லாம் அந்த வார்த்தை தானாக வந்துவிடும். நாலு தடவை வந்தார், நாலு தடவையும் திருப்பி அனுப்பினார்கள்.

சவேரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் தடவை அவரைப் பெரிய மீன்கூடையில் உட்காரவைத்து, ஓலையால் மூடி, மகன்களோடு தூக்கிவந்து சபை நடுவில் இறக்கினாள். அவர் எழுந்து நின்றதும், எதிர்பாராமல் வந்துவிட்டாரே என்று மந்திரிகள் கைதட்டினார்கள்.

மின்சார மந்திரி கனகசபை மட்டும் செருமினார். “ஏம்மா, இவர் உள்ள இருந்தது உனக்குத் தெரியுமா?”

“தூக்குனவளுக்குத் தெரியாதா?”

“நீ இந்த நாட்டுப் பிரஜை. அப்போ நாட்டுக்கே தெரிஞ்சுபோச்சே!”

சாயங்காலம்வரை விவாதித்து வழி கண்டுபிடித்தார்கள். சவேரியம்மாவின் குடிசை இனித் தனி நாடு! அவளுக்குத் தெரிந்தால் இவர்களுக்கென்ன? முத்திரை உடைந்தது. ஒரே வாரத்தில் விளக்கெல்லாம் எரிந்தது, ஐஸ் தொழிற்சாலையும் ஓடியது.

சவேரியம்மா கூடையோடு முதல் ஆளாக ஓடினாள். வாசலில் கனகசபையோடு நின்ற பூவராகன் மறித்தார்.

“உனக்கு ஐஸ் தர முடியாதும்மா. நீ இப்போ மூணாவது நாடு.”

“அட பாவிகளா!”

“கோபப்படாதே. உன் நாட்டோடயும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். ஆய்வாளரா நீயே வா. ஆனா சொல்லாம வரணும்.”

“இருங்கடா, வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வர்றேன்!”

இரண்டு மந்திரிகளும் வருத்தத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இவளும் சொல்லிட்டாளே!”